பழகிய படைப்பில் பரமனின் கைவண்ணம்

(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பொன்விழாக் காணும் நமது பங்கின் வரலாற்றைப் பெரியோர்கள் நேற்று எடுத்துரைத்தார்கள். பனையோலை வேய்ந்த கொட்டகையாகத் தொடங்கிய கோவில், கல்லும் காரையுமாக எழுந்து நிற்கும் கதையைக் கேட்டு உள்ளம் நிறைந்தோம். இன்று நமக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் ‘இயற்கையில் இறைவன்’ என்பது. இந்தத் தலைப்பைக் கேட்டதும் கடலையும், மலையையும், வானத்து மீன்களையும் பற்றிப் பேசத் தோன்றும். நாம் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. நமது கோவில் வாசற்படியில் நின்று கல்லெறிந்தால் விழும் தூரத்துக்குள்ளேயே மூன்று சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று, காலடி மண். இரண்டு, குளக்கரை அத்தி. மூன்று, மேற்கு வேலியோரத்துப் பனை. இந்த மூன்று சாட்சிகளையும் அழைத்து, படைத்தவரைப் பற்றி அவை சொல்வது என்ன என்று விசாரிப்போம்.

புதுமை எங்கே இருக்கிறது?

புதுமையைத் தேடி நாம் நெடுந்தூரம் போகிறோம். வேளாங்கண்ணிக்கும், பூண்டி மாதா கோவிலுக்கும், பனிமய அன்னையின் திருவிழாவுக்குத் தூத்துக்குடிக்கும் நடந்தும் வண்டியேறியும் போவது முன்னோர் நமக்குக் காட்டிய பக்தி வழி. அதைக் குறை சொல்வார் யாருமில்லை. ஆனால் புதுமை என்பது அங்கேதான் நடக்கும், நமது கொல்லைப்புறத்தில் நடக்காது என்று எண்ணிவிட்டால், அங்கேதான் நமது விசுவாசம் நொண்டியாகிறது.

ஹிப்போ நகரின் ஆயராக இருந்து 430-ஆம் ஆண்டில் மறைந்த புனித அகுஸ்தீனார், அருளப்பர் நற்செய்திக்கு விளக்கம் சொல்லும்போது இதைத்தான் எடுத்துக்காட்டினார். ஐந்து அப்பங்களைக் கொண்டு ஆண்டவர் ஐயாயிரம் பேரின் பசியாற்றினார். அதைக் கேட்டு எல்லாரும் வியக்கிறோம். ஒரு பிடி விதையைக் கொண்டு உலகம் முழுவதற்கும் ஆண்டுதோறும் சோறு போடுவது அதைவிடப் பெரிய செயல் அல்லவா? அது நாள்தோறும் நடக்கிறது என்பதால் ஒருவரும் வியப்பதில்லை என்பது அவருடைய வாதம். கானாவூர்க் கலியாண வீட்டில் தண்ணீரை இரசமாக்கியவர் எவரோ, அவரே முகிலிலிருந்து இறங்கும் தண்ணீரை ஒவ்வோர் ஆண்டும் திராட்சைக் கொடியில் இரசமாக்குகிறார் என்றும் அவர் விளக்கினார்.

நமது ஆண்டவரும் அவ்வாறே போதித்தார். அவர் விண்ணரசை விளக்க எடுத்த பொருள்கள் யாவை? கடுகு விதை, புளித்த மாவு, வயற்புறத்துப் பூ, மலிவு விலைக்கு விற்ற குருவி, குஞ்சுகளைச் சிறகால் மூடும் பெட்டைக்கோழி. ஒரு குடும்பத்தலைவி காலையில் கதவைத் திறந்து அடுப்பை மூட்டுவதற்குள் பார்த்துவிடக்கூடிய பொருள்களே எல்லாம். ஆகவே நமது விசாரணையையும் அந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

முதற் சாட்சி: காலடி மண்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள், காலைத் திருப்பலிக்கு வரும்போது முற்றத்தின் ஓரத்தில் கடுகும் மிளகுமாக உருட்டி வைத்தது போன்ற சிறு மண் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அவை மண்புழு கழித்துவிட்ட மண். மண்புழுவுக்குக் கண் இல்லை, காது இல்லை, பல் இல்லை. ஆயினும் அது மண்ணையும் உதிர்ந்த சருகையும் விழுங்கி, உள்ளே அரைத்து, பயிருக்கு உணவாக வெளியே தள்ளுகிறது. அது போன வழியெல்லாம் காற்றுக்கும் நீருக்கும் பாதையாகிறது.

சார்லஸ் டார்வின் என்னும் அறிஞர் 1881-ஆம் ஆண்டு வெளியிட்ட தமது கடைசி நூலை இந்த மண்புழுவைப் பற்றியே எழுதினார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாகச் சென்று வருகிறது என்று அவர் கணக்கிட்டார். கலப்பை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நிலத்தை உழுதவன் இந்த ஏழை உழவன். கூலி கேளாதவன், பெயர் விளங்காதவன்.

அதே மண்ணில் இன்னொரு வேலை நடக்கிறது. அது கண்ணுக்கே தெரியாதது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்னும் வாயு. பயிர் வளர அது வேண்டும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. கஞ்சித் தொட்டிக்கு நடுவே வாய் கட்டப்பட்ட மாடு நிற்பதைப் போல, நைட்ரஜன் கடலுக்கு நடுவே பயிர் பசியோடு நிற்கிறது. இந்த வாயுவைப் பிடித்து உரமாக்கும் வழியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டார். 1913-இல் அதற்கான தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. அதற்கு 400 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் வேண்டும். பெரிய இரும்புக் கலன்களும் ஓயாத எரிபொருளும் வேண்டும்.

இனி, வீட்டுக்குப் போனதும் உளுந்தஞ் செடி ஒன்றை வேரோடு மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு சிறு முண்டுகள் ஒட்டியிருக்கும். அவை நோய் அல்ல. ஒவ்வொரு முண்டுக்குள்ளும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து, நெருப்பின்றி, அழுத்தமின்றி, புகையின்றி, அந்த ஆலை செய்யும் அதே வேலையைக் காலடி மண்ணின் குளிர்ச்சியிலே செய்கின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. அவை செடிக்கு உரம் கொடுக்கின்றன. முண்டை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு நமது இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருளால் வருகிறது. உளுந்தின் வேரிலும் நமது நாளங்களிலும் ஒரே தச்சனின் உளிக்குறி தெரிகிறது அல்லவா?

நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பாக ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கும் வழக்கம் தமிழகத்தின் ஆற்றுப் பாசனப் பகுதிகளில் இன்றும் உண்டு. நுண்ணுயிர் என்ற சொல்லையே அறியாத நம் பாட்டன்மார், பயறு விளைந்த நிலத்தில் அடுத்த வெள்ளாமை செழிக்கும் என்பதை அறிந்திருந்தார்கள். அவர்கள் படித்த புத்தகம் நிலம்.

இரண்டாம் சாட்சி: காணாமல் பூக்கும் அத்தி

அத்தியைப் பற்றி நம்மிடையே வழங்கும் பழமொழி அதற்குப் பெருமை சேர்ப்பதன்று. அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை என்போம். வெளியே சிவப்பாகப் பளபளக்கும். பிளந்தால் உள்ளே பூச்சி ஊரும். அதனால் மேனி மினுக்கி மனம் கெட்டவரை அத்திப்பழம் என்று ஏசுகிறோம். இந்தப் பூச்சியின் கதையை அறிந்தபின் அப்படி ஏச மனம் வராது.

அத்தி பூப்பதை யாரும் பார்த்ததில்லை என்பார்கள். உண்மையில் நாம் காய் என்று நினைப்பதே அத்தியின் பூங்கொத்து. நூற்றுக்கணக்கான பூக்கள் உள்நோக்கிப் பூத்து, ஒரு பைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. வண்டு வர வழியில்லை, காற்று வர வழியில்லை. நுனியில் ஒரு சிறு துளை மட்டும் உண்டு. அதையும் செதில்கள் மூடியிருக்கும். இந்தப் பூட்டிய வீட்டுக்கு ஒரே ஒரு விருந்தாளி. கொசுவை விடச் சிறிய ஒரு குளவி.

பெண் குளவி அந்தத் துளை வழியாக நெருக்கி நுழைகிறது. நுழையும்போது அதன் சிறகுகள் பெரும்பாலும் ஒடிந்துவிடுகின்றன. இனி வெளியே வர முடியாது என்ற நிலையில் உள்ளே போய், தான் பிறந்த காயிலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கிறது. சில பூக்களில் முட்டையிடுகிறது. பிறகு அங்கேயே உயிர்விடுகிறது. முட்டையிடாத பூக்கள் விதையாகின்றன. முட்டையிட்ட பூக்களில் அடுத்த தலைமுறை வளர்கிறது. சிறகில்லாத ஆண் குளவிகள் முதலில் வெளிவந்து, பெண் குளவிகளுடன் கூடி, காயின் சுவரைக் குடைந்து வழி திறக்கின்றன. அத்தோடு அவற்றின் ஆயுள் முடிகிறது. அந்த வழியாகப் பெண் குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த மரத்தைத் தேடிப் பறக்கின்றன.

அந்தக் குளவி இல்லையேல் அத்திக்கு விதை இல்லை. அத்தி இல்லையேல் குளவிக்குத் தொட்டில் இல்லை. அத்தி இல்லையேல் நமது குளக்கரையில் குயிலுக்கும் மைனாவுக்கும் வௌவாலுக்கும் அணிலுக்கும் விருந்து இல்லை. ‘சொத்தை’ என்று நாம் தூக்கி எறிந்த ஒரு காய்க்குள், தன் சிறகை இழந்து பிறருக்கு வழி விடும் ஒரு தாயின் வரலாறு இருக்கிறது. தம்மையே கையளித்தவரின் பலியை நாள்தோறும் பீடத்தில் காணும் நமக்கு இந்தப் பாடம் புரியாமல் போகுமா? நத்தனயேல் அத்தி மரத்தடியில் இருந்தபோதே ஆண்டவர் அவரைக் கண்டார் என அருளப்பர் எழுதுகிறார். மரத்தடியில் இருந்த மனிதனைக் கண்டவரின் கண்ணுக்கு, மரத்தின் காய்க்குள் இருக்கும் சிறு குளவியும் மறைந்ததில்லை.

மூன்றாம் சாட்சி: மேற்கு வேலிப் பனை

இனிப் பனைக்கு வருவோம். செம்மண் தேரியைச் சேர்ந்த நமக்குப் பனையைப் பற்றி யார் என்ன சொல்ல வேண்டும்? ஓலையில் பிறந்து, கருப்பட்டியில் வளர்ந்து, பனங்கட்டிலில் படுத்தவர்கள் நாம். ஆனாலும் மிகவும் பழகிய முகத்தைத்தான் நாம் உற்றுப் பார்ப்பதில்லை.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழுகிறது. அதன் கொட்டையை மண்ணில் போடுகிறோம். மற்ற விதைகள் முளைக்கும்போது தளிர் மேல்நோக்கி வரும். பனங்கொட்டை அப்படிச் செய்வதில்லை. அதிலிருந்து குழாய் போன்ற ஒரு முளை புறப்பட்டு, நேராகக் கீழே இறங்குகிறது. குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் தகப்பனைப் போல, அது தன் கருவைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் ஒரு முழத்துக்குப் போய், அங்கேதான் அதை நடுகிறது. அங்கே கிழங்கு பருக்கிறது. பிறகே குருத்து மேலே கிளம்புகிறது. மேலே வெயில் கொளுத்தினாலும், ஆடு மேய்ந்தாலும், சருகில் தீப்பிடித்தாலும், உயிர் ஆழத்தில் பத்திரமாக இருக்கும். அதே நேரத்தில் கொட்டைக்குள் இருந்த கெட்டியான பருப்பு கரைந்து, பஞ்சு போன்ற இனிப்பான தவுணாக மாறுகிறது. சிறுவர் அதை வெட்டித் தின்கிறார்கள். தைப் பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் கிழங்கு, இப்படி இறங்கிப் போன குழந்தை மரத்தின் கட்டுச்சோறுதான். கோதுமை மணி நிலத்தில் விழுந்து மடிவதைப் பற்றி ஆண்டவர் சொன்ன வார்த்தைக்கு, நமது ஊரில் இதைவிட நல்ல விளக்கவுரை கிடைக்குமா?

அந்தக் கன்று ஆணா பெண்ணா என்பது பாளை விடும் வரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகலாம். அலகுப்பனையானாலும் பருவப்பனையானாலும் இரண்டும் பதநீர் தரும். நுங்கு பருவப்பனையில் மட்டும். சித்திரை, வைகாசியில் கிணறு வற்றி, புல் கருகி, தேரி மண் காலைச் சுடும் வேளையில்தான் அது பதநீரை அள்ளித் தருகிறது. கடுங்கோடையில், உயரத்தில், கலயம் நிறையத் தேன்சுவை நீர்! பாலைவனத்தில் மோயீசன் பாறையைத் தட்டித் தண்ணீர் வரவழைத்ததைக் கேட்டு வியக்கும் நாம், மணலிலிருந்து நாளுக்கு இரு வேளை இனிப்பு நீர் இறங்குவதைக் கண்டு வியக்காமல் போவது எப்படி?

பனையின் குடித்தனக்காரரையும் பாருங்கள். ஓலையின் அடிப்புறத்தில் பனை உழவாரன் என்னும் சிறு குருவி, தன் எச்சிலையே பசையாக்கி, இறகுகளை ஒட்டிக் கூடு வைக்கிறது. ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவியின் கூடுகள் ஆடுகின்றன. அதை முடைவது ஆண் குருவி. ஓலையிலிருந்தும் நெற்பயிரின் தாளிலிருந்தும் நார் கிழித்து வந்து, அலகே ஊசியாக முடிச்சிட்டு, பின்னி, பாதிக் கூட்டைக் கவிழ்த்த குல்லாய் போல் முடிக்கும். அப்போது பெண் குருவி வந்து சோதிக்கும். பிடித்தால் உள்ளே தங்கும். பிறகு ஆண் குருவி முட்டையறையையும் நீண்ட வாசற் குழாயையும் கட்டி முடிக்கும். பிடிக்காவிட்டால் அந்தப் பாதிக் கூடு அப்படியே கிடக்கும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி பல ஆண்டுகளுக்கு முன் பம்பாய்க்கு அருகிலுள்ள கிகீம் என்னும் கடலோரக் கிராமத்தில் நாட்கணக்கில் காத்திருந்து இவற்றையெல்லாம் கண்டு எழுதினார். கூட்டுக்குள் அப்பியிருக்கும் ஈரமண்ணில் மின்மினியைப் பதித்துக் குருவி விளக்கேற்றுகிறது என்று நம் பாட்டிமார் சொன்னது கதைதான். ஆயினும் அந்தக் குருவிக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த கை கதையல்ல.

ஆண்டவருடைய பீடத்தருகே குருவிக்கும் வீடு கிடைத்ததாகச் சங்கீத ஆசிரியர் பாடுகிறார். நமது பீடத்துக்கு மேற்கே முப்பது அடி தூரத்தில் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

திருச்சபைக்கும் பனைக்கும் உள்ள உறவு பழமையானது. நமது மறை இந்நாட்டில் பரவிய நாட்களில் செபமும் மந்திரமும் ஓலையில்தான் எழுதப்பட்டன. 1578-இல் கொல்லத்தில் அண்டிறீக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சேறியது. அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஓலையே ஏட்டுக்கு இடம் கொடுத்தது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று புள்ளியை விட்டு எழுதிய வழக்கத்தால் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் மயங்கிக் கிடந்தன. அந்த மயக்கம் தீர எழுத்து வடிவைத் திருத்தியவர் ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவர். குருத்து ஞாயிறன்று நம் கையில் இருப்பதும் ஓலை. மறு ஆண்டு விபூதிப் புதனில் நம் நெற்றியில் சாம்பலாவதும் அதே ஓலை.

காரணம் தெரிந்தால் கடவுள் மறைவாரா?

இங்கே படித்த இளைஞர் ஒருவர் எழுந்து, “ஐயா, இவற்றுக்கெல்லாம் விஞ்ஞானம் காரணம் சொல்லிவிட்டதே, பிறகு கடவுளுக்கு என்ன வேலை?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நமது திருச்சபையின் ஒரு துறவியே பதில் சொல்கிறார்.

கிரகோர் மெண்டல் என்பவர் இன்றைய செக் நாட்டிலுள்ள புருனோ நகரத்தில், அகுஸ்தீனார் சபை மடத்தில் வாழ்ந்த குரு. 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்தார். நெட்டை எத்தனை, குட்டை எத்தனை, உருண்டை எத்தனை, சுருங்கியது எத்தனை என்று ஆயிரக்கணக்கான செடிகளைப் பொறுமையாக எண்ணினார். பெற்றோரின் குணங்கள் பிள்ளைகளுக்கு இறங்கும் ஒழுங்கைக் கண்டுபிடித்தார். 1865-இல் அதை அறிஞர் சபையில் வாசித்தார். மறு ஆண்டு அச்சிட்டார். உலகம் அதைச் சற்றும் கவனிக்கவில்லை. அவர் 1884-இல் இறந்தார். 1900-இல்தான் அறிஞர்கள் அவருடைய கண்டுபிடிப்பின் அருமையை உணர்ந்தார்கள். இன்று மரபியல் என்னும் மாபெரும் துறை அந்தப் பட்டாணிப் பாத்தியின் மேல் நிற்கிறது.

காலையில் பீடத்தில் பூசை செய்த கை, பகலில் பட்டாணியை எண்ணியது. இரண்டுக்கும் இடையே அவர் பகை காணவில்லை. வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று அறிந்தால், கட்டியவர் இல்லையென்று ஆகிவிடாது. கொத்தனாரின் நூற்குண்டைக் கண்டுபிடித்தவன் கொத்தனாரை மறுக்கத் தேவையில்லை. ஆகவே பிள்ளைகளே, விஞ்ஞானம் படியுங்கள், துணிந்து படியுங்கள். உளுந்து வேரின் முண்டை நுண்பெருக்கியில் பாருங்கள். அங்கே நீங்கள் கண்டுபிடிக்கும் ஒவ்வோர் ஒழுங்கும் உங்களுக்கு ஒரு செபப் புத்தகம்.

அதே இயற்கை அழிக்கவில்லையா?

இன்னொரு கேள்வி இருக்கிறது. அது படித்தவர்கள் கேட்பதல்ல, இழந்தவர்கள் கேட்பது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் எழுந்து வந்தது. வேளாங்கண்ணிக் கரையில் திருயாத்திரிகர் பலர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் குமரி மாவட்டத்து மீனவக் குடும்பங்கள் பலவற்றின் தலைவர்களைக் கொண்டுபோயிற்று. நமது பங்கிலும் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். “அழகைப் படைத்தவர் என்று சொல்கிறீர்களே, அலையைப் படைத்தவர் யார்?” என்று அவர்கள் கேட்டால், சுருக்கமான பதில் சொல்லி அவர்கள் வாயை அடைக்க நமக்கு உரிமை இல்லை.

ஒன்று மட்டும் விவிலியத்திலிருந்து சொல்லலாம். எலியாஸ் இறைவாக்கினர் மலைக்குகையில் நின்றபோது பெருங்காற்று வீசியது, பூமி அதிர்ந்தது, நெருப்பு எழுந்தது. அவற்றில் ஆண்டவர் இல்லை. பின்பு வந்த மெல்லிய ஓசையில் அவர் இருந்தார் என அரசர் ஆகமம் கூறுகிறது. படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் இருப்பதாகப் புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதுகிறார். அப்படியானால் படைப்பின் வேலை இன்னும் முடியவில்லை. அழிவு நாளில் ஆண்டவரை அலையின் உயரத்தில் தேட வேண்டியதில்லை. சுனாமிக்குப் பின் கரையோரக் கிராமங்களில், சாதியும் சமயமும் பாராமல் பிணங்களை அடக்கம் செய்த கைகளிலும், பொங்கிக் கொண்டுவந்த சோற்றிலும், தாயிழந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்ட அயலவளின் மெல்லிய தாலாட்டிலும் அவர் இருந்தார். அழுகிறவரோடு சேர்ந்து அழுதபின்தான் அழகைப் பற்றிப் பேச நமக்கு வாய் உண்டு.

நமது கடமை

அன்புமிக்கவர்களே, கண்டு வியப்பதோடு கடமை முடிவதில்லை. நாம் ஐந்துகாயப் பிரான்சிஸ்கு என்று அழைத்து வந்த அசிசியின் புனிதர் 1226-இல் மறைந்தார். சூரியனையும் தண்ணீரையும் உடன்பிறப்புகள் என்று பாடிய அவரை, 1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சுற்றுச்சூழலுக்குப் பாதுகாவலராக அறிவித்தார். அவர் பெயரையே தாங்கிய திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலுக்கு அந்தப் புனிதரின் பாடலிலிருந்தே தலைப்பை எடுத்தார். பூமி படும் பாட்டையும் ஏழை படும் பாட்டையும் பிரித்துப் பார்க்கலாகாது என்பது அம்மடலின் சாரம். திருத்தந்தை 2025 ஏப்ரலில் நம்மை விட்டுப் பிரிந்தார். அவருடைய போதனை நம்மோடு இருக்கிறது. அதை ரோமாபுரியில் அல்ல, நமது ஊரில் நிறைவேற்ற வேண்டும்.

பொன்விழா நினைவாகக் கோவில் வளாகம் முழுவதையும் சிமெண்டுக் கற்களால் பாவிவிட வேண்டும், மேற்கு வேலியை எடுத்துவிட்டு மதில் கட்ட வேண்டும் என்ற யோசனை பேரவையில் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் சப்பரத்தின் சக்கரம் சேற்றில் புதைந்ததையும், வயதானவர்கள் வழுக்கி விழுந்ததையும் எல்லாரும் கண்டோம். ஆகவே சப்பரம் வரும் பாதையையும் கோவில் முகப்பையும் பாவுவது நல்லதே. அதற்கு நமது காணிக்கையையும் தருவோம். ஆனால் மேற்குப் பக்கத்து மண்ணை மண்ணாகவே விட்டுவிடும்படி கைகூப்பிக் கேட்கிறோம். மண்புழுவின் வாசலை அடைத்துவிட்டு, மழைநீர் கோவில் கிணற்றுக்கு இறங்கும் வழியை மூடிவிட்டு, தூக்கணாங்குருவியின் வீட்டை இடித்துவிட்டு, உள்ளே போய்ப் படைத்தவரைத் துதித்தால் அந்தத் துதி முழுமையாகுமா? செங்கற்சூளைக்கு விறகாகப் போன பனைகள் எத்தனை என்பதை நாம் கண்ணாரக் கண்டவர்கள். 2021-இல் தமிழக அரசு தன் வேளாண்மை நிதிநிலை அறிக்கையிலே பனையைக் காக்கத் திட்டம் அறிவித்து, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்றும் சொன்னது. அரசு சொல்லித்தான் நாம் செய்ய வேண்டுமா?

இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பனை வாழ்க என்று மேடையில் முழங்குகிறோம். பனையேறியின் மகனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். தளைநாரும் அரிவாள் பெட்டியுமாக விடியுமுன் மரமேறி, நெஞ்சில் தழும்பேறிய மனிதனின் உழைப்பில்லாமல் பதநீர் தானாக இறங்கி வராது. விடிலியில் புகைக்கு நடுவே கருப்பட்டி காய்ச்சும் பெண்ணின் கண்ணீர் அந்த இனிப்பில் கலந்திருக்கிறது. பூசையில் அப்பத்தை ஒப்புக்கொடுக்கும் குரு, நிலத்தையும் மனிதனின் உழைப்பையும் சேர்த்தே நினைவுகூருகிறார். இரண்டில் ஒன்றை மதித்து மற்றதை இழிவாக எண்ணினால் காணிக்கை பாதியாகிவிடும்.

ஆகையால் இந்தப் பொன்விழாவுக்கு ஒரு சிறு வேண்டுகோள். ஐம்பது ஆண்டுகளுக்கு ஐம்பது பனங்கொட்டைகள். வருகிற புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்னே, குளக்கரையில் அவற்றை ஊன்றுவோம். செலவு ஒன்றுமில்லை, கல்வெட்டும் வேண்டாம். இவ்வாண்டு புதுநன்மை வாங்கிய சிறுவர் சிறுமியரே அவற்றை ஊன்றட்டும். கன்றுகள் முதற் பாளை விடும்போது அவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்து வருவார்கள். இந்தப் பங்கு நூற்றாண்டு விழாக் கொண்டாடும்போது இங்கே அமர்ந்திருக்கும் நம்மில் பலர் கல்லறைத் தோட்டத்தில் இருப்போம். அன்று நம் பேரப்பிள்ளைகள் அந்தப் பனையடியில் நின்று பட்டையில் பதநீர் குடிப்பார்கள். நட்டவர் யாரென்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. படைத்தவர் யாரென்று தெரிந்தால் போதும்.

தாம் படைத்த எதையும் வெறுக்காதவர், இருக்கும் அனைத்தையும் நேசிப்பவர் என்று ஞான ஆகமம் அவரைப் போற்றுகிறது. மண்புழுவையும் குளவியையும் குருவியையும் நேசிப்பவர் நம்மையும் நேசிக்கிறார். நாளைக் காலை கதவைத் திறந்ததும் கண்ணில் படும் முதற்பொருளைச் சற்று நின்று பாருங்கள். செடியோ, சிட்டோ, எறும்போ, எதுவானாலும் சரி. பார்த்துவிட்டு, நமது முன்னோர் ஒருவரையொருவர் கண்டபோதெல்லாம் சொன்ன அந்தப் பழைய வார்த்தையை மனதுக்குள் சொல்லுங்கள்.

சர்வேசுரனுக்குத் தோத்திரம்!